நீக்கியவை 2,316

மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதின்மூன்றுக்கு அங்கேயே, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, பதில் எழுதிவிட்டேன். நான்காவது மட்டும் நின்றுவிட்டது. ‘மறதி முதன்முதலில் தென்பட்ட நாள்’ என்று கேட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அக்கா கைப்பையின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். நீர்த்தேக்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் காலை ஏழு மணி நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான். காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட ஆள் அனுப்பி அளவைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததில்லை. இந்த நான்காவது கட்டத்தை வெறுமையாகவே நீட்டினேன்.

அந்தத் தேதி எங்கள் வீட்டிலேயே இருந்தது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அழித்தவன் நான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது எப்படி நடந்தது என்று சொல்ல, முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பத்தொன்பதாவது வயதில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அப்போதெல்லாம் போனை எடுத்து, யாரோடு பேச வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். அவள் கம்பியை எடுத்து எதிரே இருக்கும் பலகையில் உரிய துளையில் செருகினால்தான் மறுமுனையில் மணி அடிக்கும். நீளமான அறை, பதினோரு உயர நாற்காலிகள், பதினோரு பெண்கள். மற்றப் பத்துப் பேரும் எண்களுக்காகப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அக்கா புரட்டியதில்லை. எண்ணூற்றுச் சொச்சம் இணைப்புகளும் அவளுக்கு மனப்பாடம். அதனால் ‘டைரக்டரி’ என்று பெயர் வந்தது. ஒரு தடவை மேலதிகாரியே எல்லார் முன்னாலும் “அந்த டைரக்டரியைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

எண்கள் மட்டுமல்ல, குரல்களும் அவளுக்கு அத்துபடி. மருந்துக்கடைக்காரர் ‘ஹலோ’ என்ற உடனேயே அவருக்குச் சளி பிடித்திருப்பதைச் சொல்லிவிடுவாள். ஆனால் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பது அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரிய குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது, அது அவளுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன். “லைன் பிஸி” என்றாள். எதையாவது மறைக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு வார்த்தைகள்தான் அவளுடைய கதவு.

கல்யாணப் பேச்சு இரண்டு தடவை கூடி வந்து கலைந்தது. மூன்றாவது தடவை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். என் மகளுக்கு ஆறு வயதாகும்போது என் மனைவி தவறிப்போனாள். பத்தாம் நாள் அக்கா ஒரு பெட்டியோடும் தன்னுடைய மேசைவிளக்கோடும் என் வீட்டுக்கு வந்தாள். எத்தனை நாள் இருப்பாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்குத் தலை வாரியது, பரீட்சைக்கு எழுப்பியது, வேலைக்காக அவள் வேறு ஊருக்குப் போனபோது பேருந்து நிலையத்தில் அழாமல் நின்றது எல்லாம் அக்காதான். நான் அன்றைய தேதியையும் பேருந்து புறப்பட்ட மணியையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு எழுபது வயதானபோது என் மகள் அவளுக்கு ஒரு நல்ல செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அக்கா மூன்றே நாளில் அதைப் பழகிக்கொண்டாள். வீட்டில் இருந்த ஆல்பங்களை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அதில் ஏற்றினாள். மகளின் குழந்தைகள் வரும்போதெல்லாம் எடுத்தாள். எதிர்வீட்டுப் பூனையை எடுத்தாள். படம் எடுக்கும்போது நாக்கு நுனி வெளியே வந்திருக்கும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து எங்கள் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. ஓர் ஆல்பம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துப் பார்த்ததில் பதினொரு படங்கள் வீணாகியிருந்தன. நல்ல வேளையாக அவற்றின் பிரதி அக்காவின் போனில் இருந்தது. அந்த விஷயம் தெரிந்ததும் மகள் போனில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தையின் போன் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும், பேருந்தில் தொலைந்தால் என்ன ஆகும், அதிலிருக்கும் எல்லாவற்றுக்கும் இன்றைக்கே இன்னொரு பிரதி வேண்டும் என்றாள்.

எப்படிப் பிரதி எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. இணையத்தில் மாத வாடகைக்கு இடம் எடுத்தால் போதும் என்பது அவள் கட்சி. போனில் இருப்பது தானாகவே போய் அங்கே சேர்ந்துவிடும், யாரும் எதையும் தொட வேண்டாம். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குவோம், ஒன்று இங்கே, ஒன்று உன் வீட்டில் என்றேன். சரி, அதையும் செய்யுங்கள், இதையும் செய்வோம் என்றாள். அது வீண் என்றேன். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, வேண்டாததைத் தள்ளி, எண் போட்டு வைக்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

“அப்பா, எது வேணும் எது வேணாம்னு இப்ப முடிவு பண்ணாதீங்க” என்றாள் மகள். “எல்லாத்தையும் அப்படியே ஏத்திடுவோம். அப்புறம் பார்த்துக்கலாம்.”

“குப்பையையும் சேர்த்துக் காப்பாத்தினா அதுக்குப் பேரு ஆவணம் இல்லைம்மா, குப்பைத்தொட்டி” என்றேன். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத் தெரிந்தது.

அக்காவின் போனில் 6,840 படங்கள் இருந்தன. நாளொன்றுக்கு 360 என்று பிரித்துக்கொண்டேன். காலை உணவு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மதியம் வரை அதே வேலை. ஒரு நோட்டில் கோடு போட்டு எண், நாள், இடம், படத்தில் இருப்பவர்கள், குறிப்பு என்று ஐந்து பத்திகள் எழுதினேன். பத்தொன்பது நாட்களில் முடிந்தது. ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் அதுதான் என்னை உறுத்துகிறது.

மூன்றாம் நாளே விசித்திரமான படங்கள் வரத் தொடங்கின. எங்கள் கேஸ் அடுப்பின் குமிழ்கள். இரண்டும் அணைத்த நிலையில். மறுநாள் தேதியில் மீண்டும் அதே குமிழ்கள். பிறகு வாசல் கதவின் பூட்டு. மீண்டும் குமிழ். ஆள் இல்லை, முகம் இல்லை, வெளிச்சமும் சரியில்லை. எழுந்து போய் அக்காவிடமே கேட்டேன். அவள் சமையலறையில் முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்க்கா, அடுப்பை இத்தனை போட்டோ எடுத்து வெச்சிருக்கே. அதுக்கு மாப்பிள்ளை பார்க்கப்போறியா?”

அவள் சிரித்தாள். உரித்த முட்டையைத் தண்ணீரில் அலசினாள். “விரல் பட்டுடுதுடா. இந்தப் போன் ஒரு தொட்டாச்சிணுங்கி.”

“சரி, அதையெல்லாம் தள்ளிடறேன்.”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. இடத்தையா அடைக்குது?”

இடத்தை அடைக்கவில்லை. நான் வாங்கியிருந்த ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கிலும் அதைப்போல் பத்து மடங்கு கொள்ளும். அவள் கேட்டது நேரான கேள்வி. நான்தான் ஒழுங்கு, முறை என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். “நீ பார்த்துச் செய்” என்றாள்.

பத்தொன்பதாம் நாள் தள்ளியவை 2,316, வைத்தவை 4,524. வைத்தவற்றை இரண்டு டிஸ்கிலும் ஏற்றி, எண்ணிக்கை பார்த்து, அவற்றை மட்டும் மீண்டும் அக்காவின் போனுக்கு மாற்றினேன். அதற்கு முன் போனில் இருந்த படங்களைச் சுத்தமாக அழித்தேன். நீக்கிய படங்கள் ஒரு மாதம் குப்பைப் பெட்டியில் கிடக்கும் என்று சொல்வார்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் அந்தப் பெட்டியையும் காலி செய்தேன். இனிமேல் விரல் பட்டுப் படம் விழாமலிருக்க, கேமரா பொத்தானை முகப்பிலிருந்து எடுத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் வைத்தேன். அக்காவிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

எங்கள் அலுவலகத்தில் பழைய காகிதங்களை அழிக்கும்போது, அழித்தவற்றின் பட்டியல் ஒன்று எழுதுவோம். எண், நாள், பொருள், காரணம். எதை அழித்தாலும் அந்தப் பட்டியலை அழிக்கக் கூடாது என்பது விதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதை மீறியதில்லை. இந்த முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி எழுதினேன். ‘நீக்கியவை 2,316. பயனற்றவை.’

அன்று மாலை அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “எல்லாம் இருக்காடா?” என்று கேட்டாள். வேண்டியது எல்லாம் இருக்கிறது என்றேன்.

அவள் தினமும் காலை பத்து மணிக்கு வெளியே போவாள். தெருமுனை ரொட்டிக்கடை, அதற்கப்பால் பூங்கா, அங்கே பழைய ஆபரேட்டர் தோழிகள் இருவர். அடுத்த வாரம் முதல் தெருமுனை வரை போய்த் திரும்பி வரத் தொடங்கினாள். செருப்பைக் கழற்றாமல் சமையலறையை எட்டிப் பார்ப்பாள், கதவை இழுத்துப் பார்ப்பாள், மீண்டும் போவாள். ஒருநாள் மூன்று தடவை. மறந்துபோய் எதை விட்டாய் என்று கேட்டேன். “லைன் பிஸி” என்றாள். நான் சிரித்துவிட்டு செய்தித்தாளுக்குத் திரும்பினேன். பிறகு பூங்காவுக்குப் போவதையே விட்டாள். முழங்கால் வலி என்றாள். ஒரு மதியம் வெற்றுப் பாத்திரம் அடுப்பில் கருகி, வீடு முழுக்கப் புகை. பத்து நாள் கழித்து, ரொட்டிக்கடைக்காரர் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி, ஒரு வாசலில் நின்று சாவி சேரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவர் போகும்போது என்னிடம் மெதுவாக, “அம்மா முன்னெல்லாம் கடை வாசல்ல நின்னு போனைப் பார்த்துட்டு விறுவிறுன்னு போவாங்களே சார்” என்றார்.

அப்படித்தான் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. படிவத்தில் வெறுமையாக இருந்த கட்டத்தில் விரலை வைத்து, எப்போதிலிருந்து இப்படி என்று என்னிடம் கேட்டார். இரண்டு மாதமாக நான் பார்க்கிறேன், அதற்கு முன் தெரியவில்லை என்றேன். ஆரம்பம் தெரிந்தால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிடலாம், மருந்தை அதற்குத் தக்கபடி முடிவு செய்யலாம், இல்லையென்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

அக்கா கைப்பையின் பொத்தானை விட்டாள்.

“ரெண்டு மாசம் இல்லை டாக்டர். மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. தேதியோட வெச்சிருந்தேன், போன்ல.”

“காட்டுங்கம்மா.”

“அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம் வரும். கிளம்பும்போது ஒரு படம் எடுத்துடுவேன். தெருமுனையில பார்த்தா நிம்மதி. அப்புறம் கதவு. அப்புறம் மாத்திரை.” என் பக்கம் திரும்பினாள், உடனே மருத்துவர் பக்கமே திரும்பிக்கொண்டாள். “இப்ப இல்லை டாக்டர். போனைச் சுத்தம் பண்ணினோம். அதுல போயிடுச்சு.”

பண்ணினோம் என்றாள். தம்பி பண்ணினான் என்று சொல்லவில்லை.

பேருந்தில் திரும்பும்போது ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். பயணச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

“என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?”

“சொன்னா நீ எழுதி வெச்சுடுவே.”

“எழுதினா என்ன?”

“நோட்டுல ஏறிட்டா உனக்கு அப்புறம் அது மாறவே மாறாதுடா. நான் இன்னும் கொஞ்ச நாள் டைரக்டரியா இருந்துட்டுப் போறேனேன்னு பார்த்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தள்ளிய படங்களை நினைவிலிருந்து வரிசைப்படுத்த முயன்றேன். முதலில் குமிழ் மட்டும் இருந்தது, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. பிறகு நாள்தோறும். பிறகு பூட்டு. அதன் பிறகு ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பா, அன்றைய அறை திறந்த நிலையில். எங்கள் தெருமுனைப் பெயர்ப்பலகை, எங்கள் வாசல் எண். கடைசி வருடத்தில் முகங்கள். எதிர்வீட்டுக்காரர் தன் கதவருகே நிற்கும் படங்கள் நான்கு இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைத் தள்ளினேன். நாற்காலியில் தூங்கும் என் படமும் இருந்தது. என் வாய் திறந்திருந்தது, அதையும் தள்ளினேன். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தாள் என்று ஒன்றைத் தள்ளியது நினைவுக்கு வந்தது. அந்தத் தாளில் என் மகளின் பெயர் இருந்தது. அதன் கீழே ‘தம்பி பொண்ணு’ என்று அக்காவின் சாய்ந்த எழுத்து.

இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. தேதிகள்தான் நினைவில் இல்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவரிடம் போனையும் டிஸ்குகளையும் கம்ப்யூட்டரையும் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள் சில காட்டினார், அவ்வளவுதான் மிஞ்சியது. “சாதாரணமா அழிக்கிறவங்க அரைகுறையா அழிப்பாங்க சார், நாங்க எப்படியாவது எடுத்துக் கொடுத்துடுவோம்” என்றார். “நீங்க ரொம்ப ஒழுங்கா அழிச்சிருக்கீங்க.” கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டாள். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாள் ஒரு படம் அனுப்பினாள். அடுப்பின் குமிழ்கள், இரண்டும் அணைத்த நிலையில். எப்போதோ அத்தை கை தவறி அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். அதற்கு மகள், ‘அடுப்பு ரொம்ப அழகா இருக்கு அத்தை’ என்று பதில் போட்டிருக்கிறாள். அத்தை அதற்கு ஒரு சிரிக்கும் முகம். செய்தியின் மேலே தேதி இருந்தது. மூன்று ஆண்டு நான்கு மாதத்துக்கு முந்தையது.

அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், படிவத்தைக் கேட்டு வாங்கி, நான்காவது கட்டத்தில் ‘இந்த நாளிலோ அதற்கு முன்போ’ என்று எழுதினேன். ஒரு முனை கிடைத்தது, மறுமுனை வரை நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் அக்கா நிறைய இழந்தாள். மருந்து முன்னாலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு தங்கியிருக்கும் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அக்காவின் போனில் கேமரா பொத்தான் முகப்பில் இருக்கிறது. தினமும் காலை நானே குமிழ்களைப் படம் எடுக்கிறேன்; பிறகு பூட்டு, மாத்திரை டப்பா. மூன்றும் அவள் போனில் இருக்கும், இரண்டு டிஸ்கிலும் ஏறும், மகள் வாடகைக்கு எடுத்த இடத்துக்கும் தானாகப் போகும். எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. மங்கியது, என் விரல் விழுந்தது எல்லாம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கூடப் போனால் அவள் வருவாள். போனை அவள் கையில் கொடுத்து, அன்றைய படத்தைக் காட்டினேன். அவள் அதை விரலால் தள்ளினாள். முந்தைய நாள் குமிழ். அதற்கு முந்தைய நாள் குமிழ். தள்ளிக்கொண்டே போனவள் நிமிர்ந்து, சின்ன வயதில் என் பென்சில் பெட்டியைச் சோதிக்கும் அதே பார்வை பார்த்தாள்.

“இது என்னடா, அடுப்பு அடுப்பா எடுத்து வெச்சிருக்கே? வேற வேலை இல்லையா உனக்கு? எல்லாத்தையும் அழிச்சுடு.”

“விரல் பட்டுடுச்சுக்கா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். போனைக் கைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். மணி பத்து நாற்பது.